தகடுகளை நம்பியவர்கள்

ஃபேர்லேண்ட்ஸில் வீடு ஒழிக்கும்போது இன்று முதலில் குப்பைக்குப் போவது குறுந்தகடுகள்தான். என் அலமாரிக் குவியலில் 'பூ' படத்தின் டிவிடி கிடைத்தது. ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையை ஒட்டி, சசி இயக்கத்தில் 2008இல் வந்த படம். அதன் தயாரிப்பில் மோசர் பேயர் நிறுவனத்துக்கும் பங்குண்டு என்பதைப் பலரும் மறந்திருப்பார்கள்.

1983இல் தீபக் பூரி தில்லியில் தொடங்கிய அந்நிறுவனம் முதலில் நேரம் பதியும் கருவிகளைத்தான் செய்தது. 1988இல் 5.25 அங்குல ஃபிளாப்பிக்கும், பின்னர் 3.5 அங்குலத்துக்கும், 1999இல் எழுதத்தக்க குறுந்தகட்டுக்கும் நகர்ந்து, உலகின் பெரிய ஒளித்தகடு உற்பத்தியாளர்களுள் ஒன்றாயிற்று. அடுத்த பத்தாண்டில் திரைப்படத் தகடுகளை 28, 34 ரூபாய்க்கு விற்றது. திருட்டுத் தகட்டின் விலையிலேயே அசலைத் தர முடியும் என்று காட்டியது சிறிய காரியமல்ல. பிறகு பென் டிரைவும் இணையமும் தகட்டைத் தேவையற்றதாக்கின. சூரிய மின்கலத்தில் போட்ட முதலீடும் கைகொடுக்கவில்லை. கடன் முற்றி, 2018இல் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவாயிற்று.

இதைச் சந்தையின் கதையாக மட்டும் கடந்துபோக எனக்கு மனமில்லை. 1.44 எம்பியிலிருந்து 700 எம்பிக்குத் தாவியபோது, இடம் கிடைத்ததையே பாதுகாப்பு என்று நாம் எண்ணிவிட்டோம். எழுதத்தக்க குறுந்தகட்டில் தரவு தங்குவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் அதை வெளிறச் செய்யும். தகடு பிழைத்தாலும் அதைப் படிக்கும் கருவி இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இல்லை.

ஓலையில் எழுதிய நம் முன்னோருக்கு இந்த மயக்கம் இருக்கவில்லை. ஓலை செல்லரிக்கும் என்று தெரிந்தே தலைமுறைதோறும் படியெடுத்தார்கள். சங்கப் பாடல்கள் நம்மை வந்தடைந்தது ஓலையின் உறுதியால் அல்ல, படியெடுத்த கைகளால். படியெடுக்க ஆளில்லாதவை அழிந்தன. சேலத்துக்காரர்களுக்கு இன்னோர் உதாரணமும் அருகிலேயே இருக்கிறது. நூறு படங்களுக்கு மேல் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸுக்கு ஏற்காடு சாலையில் எஞ்சியிருப்பது நுழைவாயில் வளைவு. அங்கே உருவான படங்கள் இன்றும் பார்க்கக் கிடைப்பது யாரோ பிரதியெடுத்ததால்தான்.

சேமிப்பை விற்ற நிறுவனத்திடம் நினைவைக் காக்கும் பொறுப்பையும் எதிர்பார்த்தது நம் பிழை. நின்றுபோன சிற்றிதழ்களின் கோப்புகள், இலக்கியக் கூட்டங்களின் ஒலிப்பதிவுகள், மறைந்த எழுத்தாளர்களின் குரல்கள் எத்தனை வீடுகளில் தகடுகளாகக் கிடக்கின்றனவோ! குப்பைக்கு அனுப்பும் முன், கருவி வைத்திருக்கும் நண்பர் ஒருவரைத் தேடிப்பிடித்து அவற்றைப் பிரதியெடுத்துவிடுங்கள். ஒன்றுக்கு இரண்டாக.