சீட்டைப் படிக்கும் நர்ஸ்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். வகுப்பில் 'திக்தே' உண்டு. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பொருள் புரியாமலே பிழையின்றி எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பிறகு அலுவலகத்தில் தபால் பிரிவிலும் அதே கதைதான்: வாங்கு, எண் போடு, மேலே அனுப்பு.

நர்ஸும் அப்படி இருந்தால் போதும் என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை.

என் அண்ணன் பீடி குடித்து நுரையீரல் கெட்டவர். ஆஸ்பத்திரியில் ஓர் இரவு, ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். விரல் மீட்டர் 98 காட்டியது. நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அவரோ எழுப்பினாலும் சரியாகக் கண் திறக்கவில்லை. மணிக்கட்டுத் தமனியில் எடுத்த ரத்தத்தின் முடிவு வந்தது: பிஎச் 7.28, கரியமில வாயு 68, பைகார்பனேட் 31. இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அதைக் கோப்பில் செருகிவிட்டுப் போகவில்லை. பிஎச் 7.35க்குக் கீழே, கரியமில வாயு 45க்கு மேலே என்றால் மூச்சு போதவில்லை என்று பொருள். உடனே டாக்டரை அழைத்து எண்களோடு சொன்னார். ஆக்சிஜன் அளவு குறைந்தது. முகமூடி வழியே மூச்சுக்கு உதவும் இயந்திரம் வந்தது. மறுநாள் மாலை அண்ணன் காபி கேட்டார்.

விரல் மீட்டர் கரியமில வாயுவைக் காட்டாது. அதை நம்பி இருந்த எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

சிகிச்சையை முடிவு செய்வது டாக்டர்தான். ஆனால் நள்ளிரவில் படுக்கையருகே நிற்பவர் நர்ஸ். இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்க அவருக்குக் கற்றுக்கொடுங்கள். அவர் அழைத்தால் காது கொடுங்கள். அவரைத் தபால் குமாஸ்தா ஆக்கிவிடாதீர்கள். அந்த வேலைக்கு நான் ஒருவன் போதும்.