கோவிச்சுக்கிட்டு இருக்காரு

ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ் ஒன்றில் அரைப் பக்கத்துக்கு ஒரு பட்டியல். உறவுச் சிக்கல்களைப் பேச இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆங்கிலச் சொற்களாம். கேஸ்லைட்டிங், கோஸ்ட்டிங், டாக்ஸிக், ரெட் ஃப்ளாக். படித்தபோது வந்த எரிச்சல் புதன்கிழமை வரை அடங்கவில்லை.

அந்தச் சொற்கள் மேல் எனக்குப் பகை கிடையாது. கேஸ்லைட்டிங் வலுவான சொல். அது பிறந்தது பாட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய நாடகத்தில். மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக அவளையே நம்பவைக்கப் பார்க்கிறான் கணவன். மேல்மாடியில் அவன் ரகசியமாக விளக்கேற்றும்போதெல்லாம் கீழே அவள் அறையில் கேஸ் விளக்கு மங்குகிறது. 1944இல் ஹாலிவுட் அதைப் படமாக்கியது. இங்கிரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. 2022இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி கேஸ்லைட்டிங்கை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. சரி. ஆனால் அந்த அரைப் பக்கத்தில் அப்செட் இல்லை, ஹர்ட் இல்லை. வீட்டுக்குள் தினமும் நடப்பதைச் சொல்ல ஒரு சொல்கூட இல்லை.

அந்தச் சொற்கள்தான் என் எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தேவைப்பட்டன. இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போக, மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியை எழுதப்போகிறாள். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ பேசுவார். இவள் நர்ஸாகவே பேச வேண்டும். எதிரில் இருப்பவரின் மனநிலை புரிந்து பேசுகிறாளா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. போன வாரம் போனில் பயிற்சி. மகனோடு சண்டை போட்டுவிட்டு அழும் ஒரு நோயாளியைத் தேற்ற வேண்டும். இவள் மனசாரச் சொன்னாள்: "டோன்ட் ஃபீல்." அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரப் பயிற்சியாளருக்கு ஒன்றும் புரியவில்லை. எதையும் உணராதே என்று நோயாளியிடம் ஒரு நர்ஸ் சொல்வாளா?

"நாம அப்படித்தானே அத்தை சொல்வோம்?" என்று கேட்டாள்.

அப்படித்தான் சொல்வோம். 'ஃபீல் பண்ணாதே' என்பது நல்ல தமிழ்நாட்டுச் சொல். ஃபீல் நம்மிடம் வந்து சோகம் என்ற ஒரே பொருளில் குடியேறிவிட்டது. டென்ஷன் வந்து கோபமாகவும் பதற்றமாகவும் ஆனது. ஈகோ வந்து புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்குக் காரணமானது. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்பதைப் பெரும்பாலும் பெண்ணிடம்தான் சொல்கிறோம். இவை இனி நம் சொற்கள், பிழை இல்லை. ஆனால் இவற்றை அப்படியே இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முடியாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அவள் காசு கொடுத்து வாங்கிய வழிகாட்டி நூலைப் புரட்டினேன். அதில் ஓர் இருமொழி அட்டவணை. ஆங்ரி: கோபம். அன்னாய்ட்: கோபம். அஃபெண்டெட்: கோபம் அடைந்த. ரிசென்ட்ஃபுல்: கோபமான. அப்செட்: கோபம், வருத்தம். அச்சிட்டவர்கள் ஒரு நிமிடம் தங்கள் வீட்டை நினைத்துப் பார்த்திருக்கலாம். காதருகே கொசு பாடும்போது வருவது அன்னாய்ட். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன சித்தப்பா அஃபெண்டெட். பத்து வருஷம் மாமியாரைப் பார்த்துக்கொண்ட மூத்த மருமகளுக்கு, வருஷத்துக்கு ஒருமுறை புடவையோடு வந்து நல்ல பேர் வாங்கிப்போகும் இளையவள் மேல் உள்ளே புகைகிறதே, அது ரிசென்ட்மென்ட். கோபமா, வருத்தமா, கலக்கமா என்று இன்னும் பிரியாத நிலை அப்செட். நர்ஸுக்கு அதைவிட உதவும் சொல் இல்லை. 'யூ ஸீம் அப்செட்' என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால், எது என்று நோயாளியே சொல்வார்.

இதையெல்லாம் அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்: "அவரு கோவிச்சுக்கிட்டு இருக்காருன்னா எப்படி அத்தை சொல்றது?"

நாலு நாளாக அவள் கணவன் சரியாகப் பேசுவதில்லையாம். தேர்வுத் தேதிக்கு அவனிடம் சொல்லாமல் பணம் கட்டிவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறான், சாப்பிடுகிறான், போய்விடுகிறான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. கோபித்தான் என்றால் சத்தம் கேட்கும்; கோபித்துக்கொண்டான் என்றால் சத்தம் நின்றுவிடும். 'கொள்' என்ற துணைவினை ஒன்று சேர்ந்ததும் கோபம் உள்பக்கம் திரும்பிக்கொள்கிறது. சல்க் என்று ஆங்கிலத்தில் உண்டு. குழந்தையைச் சொல்லலாம், வளர்ந்த மனிதனைச் சொன்னால் இளக்காரம் ஒட்டிக்கொள்ளும். இன் எ ஹஃப் என்பது கதவைச் சாத்திவிட்டுப் போகும் முறைப்பு. நாட் ஆன் ஸ்பீக்கிங் டெர்ம்ஸ் என்றால் பேச்சுவார்த்தையே அறுந்துபோன நிலை. அவ்வளவு தூரம் இவர்கள் போகவில்லை.

பதில் தேடி ஜி.யு. போப்பின் குறள் மொழிபெயர்ப்பை எடுத்தேன். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1820இல் பிறந்து, 1839இல் தமிழ்நாட்டுக்கு வந்து, சாயர்புரத்தில் தொடங்கி வாழ்நாளெல்லாம் தமிழோடு கிடந்தவர். 1886இல் அந்த மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது, காதலரின் ஊடலைச் சொல்லும் கடைசி மூன்று அதிகாரங்களில் அவர் முன்னால் நின்றதும் இதே கேள்விதான். புலவிக்கு பௌட்டிங் என்று வைத்தார். அது உதடு பிதுக்குவது. புலவி நுணுக்கத்துக்கு ஃபெய்ன்ட் ஆங்கர், பொய்க்கோபம். ஊடுகிறவளுக்கு அது பொய்யா என்ன? கணவன் தும்மியதும் வாழ்த்திவிட்டு, யார் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாளே, அந்த அழுகை நிஜம். ஊடலுவகைக்கு வந்தபோதுதான் 'டெம்பரரி வேரியன்ஸ்' என்று எழுதினார். கொஞ்ச நேரத்துக்கான வேறுபாடு. அலுவலகக் கடிதச் சொல் போலத் தோன்றும், ஆனால் எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஒரு சொல் கிடைக்காதபோது இரண்டை அடுக்கி, தீர்ந்துவிடும் என்ற உறுதியை முதல் சொல்லிலேயே வைத்துவிட்டார். புலவி உணவில் உப்புப் போல அளவோடு இருக்க வேண்டும் என்கிறார் வள்ளுவரும். அளவு மீறினால் அதற்கு வேறு பெயர்: துனி. அதை முதிர்ந்த கலாம் என்றும் புலவியை இளையது என்றும் பிரிக்கிறார் பரிமேலழகர். சண்டைக்குப் பச்சை, பழுத்தது என்று பருவம் பார்த்த மொழிக்காரி, அட்டவணையில் கோபம் கோபம் என்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள், "அப்ப இவருக்கு என்ன எழுத?"

"சொல்லாம பணம் கட்டினது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?"

யோசித்தாள். "மனசு நொந்திருக்கும்."

"அதுதான் ஹர்ட். ஹி இஸ் ஹர்ட்."

நோட்டில் எழுதவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

நேற்றுக் காலை படிக்கட்டில் அவள் கணவன் எதிர்ப்பட்டான். கையில் ஒரு காகிதப் பை. "பெட்டியில பூட்டு சரியில்லை அத்தை. அவ்வளவு தூரம் போறா. நம்பர் பூட்டா வாங்கிட்டு வந்தேன்" என்று எடுத்துக் காட்டினான்.