கடை திறந்திருக்கிறதா, சித்தி?

2025 ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முளைகட்டிய கேழ்வரகை மொட்டைமாடியில் உலர்த்திவிட்டுக் கீழே இறங்கி வருகிறேன், கைபேசி அடிக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு பெண். கணவருக்கு சிப்காட்டில் வேலை. எட்டு மாதக் குழந்தைக்கு இரண்டு மாதமாக என்னிடம்தான் சத்துமாவு வாங்குகிறாள்.

"அக்கா, கடையை மூடிட்டீங்களா? வியாழக்கிழமை ராத்திரியிலேருந்து பார்க்கிறேன். உங்க கடைக்குள்ளே போனா, இங்கே உங்க விவரத்தைத் திருடப் பார்க்கிறாங்கன்னு போன் சிவப்பா எச்சரிக்கை காட்டுது. பயந்து போய் விட்டுட்டேன். மாவு தீர்ந்து, நேத்து டப்பா உணவு வாங்கினேன். குழந்தை துப்பிட்டான்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் மூன்று வருஷமாகத் திருப்பாச்சூரில் வீட்டிலிருந்தே சத்துமாவும் பொடி வகைகளும் செய்து விற்கிறேன். ஆர்டர் வருவதற்கென்று சிறியதாக ஓர் இணையதளம் உண்டு. வியாழன் இரவிலிருந்து ஒரு ஆர்டர்கூட வரவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் என்ன நினைத்துக்கொண்டேன் தெரியுமா சகோதரிகளே? மாதக் கடைசி, கையில் காசு இருக்காது, அதனால் யாரும் வாங்கவில்லை என்று! கடைக் கதவு பூட்டிக் கிடக்க, உள்ளே உட்கார்ந்துகொண்டு வாடிக்கையாளர்களைக் குறை சொன்ன கதைதான்.

நடந்தது இதுதான். இணையதளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் என்கிற அமைப்பு அதை இலவசமாகக் கொடுக்கிறது. எங்களுடையது 90 நாள் சான்றிதழ். அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தோம், அந்தத் தடவை புதுப்பிக்கவில்லை. முன்பெல்லாம் தேதி நெருங்கினால் அவர்களே மின்னஞ்சலில் நினைவுபடுத்துவார்கள். 2025 ஜூன் மாதத்தோடு அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். தளத்துக்கு இடவாடகை வாங்குகிறவர்களும் மூச்சு விடவில்லை. நானும் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகிற வழியில் என் அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். நான் புலம்பி முடித்ததும், "அது சரி சித்தி, கடை திறந்திருக்கிறதா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நான் விழித்தேன். "ஒரு காவல்காரனை வெச்சிடலாம், சம்பளம் கிடையாது" என்றாள்.

காவல்காரன் என்றால் ஆள் இல்லை. சில நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் இராப்பகலாக நம் தளத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். கதவு திறந்து '200' என்று பதில் வந்தால் எல்லாம் சௌக்கியம். 500-இல் தொடங்கும் எண் வந்தாலோ, பதிலே வராவிட்டாலோ, வேறு ஊர்க் கம்ப்யூட்டரிலிருந்தும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு நமக்குச் செய்தி அனுப்பும். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் என்றால் நாளைக்கு 480 தடவை. எந்த மாமியாரும் இவ்வளவு தடவை எட்டிப் பார்க்க மாட்டார்!

நம் சென்னையில் வளர்ந்த ஸோஹோ நிறுவனம் 2006 முதல் சைட்24×7 என்ற பெயரில் இந்தத் தொழிலைச் செய்கிறது. அது பெரும்பாலும் பெரிய கம்பெனிகளுக்கானது. இலவசம் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது அப்டைம் ரோபாட். ஐம்பது தளங்களை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பார்த்துச் சொல்லும். ஆனால் அதன் இலவசத் திட்டம் வியாபாரத்துக்கு இல்லை என்று 2024-இல் நிபந்தனை போட்டுவிட்டார்கள். கோயில் திருப்பணிக்கோ, பழைய மாணவிகள் சங்கத்துக்கோ தளம் வைத்திருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். மாவு விற்கும் நான் சேர்ந்தால் முறையில்லை. அப்டைம் குமா என்று இன்னொன்று. முழுக்க இலவசம், ஆனால் அதை நம்முடைய கம்ப்யூட்டரில் வைத்து ஓயாமல் ஓடவிட வேண்டும். எங்கள் தெருவில் கரண்ட் போனால் காவல்காரனும் சேர்ந்து தூங்கிவிடுவான். கடைசியில் பெட்டர் ஸ்டாக் என்பதில் சேர்ந்தேன். பத்து முகவரி வரை மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை பார்ப்பதும், நிலவரப் பலகை ஒன்றும் இலவசம்.

சேர்வதற்குப் பால் காயும் நேரம் போதும். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, தளத்தின் முகவரியை ஒட்டி, சரி என்று அழுத்தினால் முடிந்தது. முகப்பை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆர்டர் எழுதும் பக்கத்தையும் தனியாகக் கொடுங்கள். முகப்பு பளிச்சென்று இருக்க, ஆர்டர் பக்கம் மட்டும் படுத்துக் கிடப்பது உண்டு. அந்தப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் ஒரு சொல்லைக் கொடுத்து, அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வசதியும் சில இடங்களில் கிடைக்கும். சான்றிதழின் கடைசி நாளை முன்கூட்டியே சொல்லுமா என்றும் விசாரியுங்கள், சிலர் அதற்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். போனில் கூப்பிட்டுச் சொல்வதற்கும் காசுதான். இலவசத்தில் மின்னஞ்சல் வரும். நான் மின்னஞ்சலை வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிற ஜாதி. அதனால் அந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் கோயில் மணி போல ஒலி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள் என் அக்கா மகள்.

மாதக் கடைசியில் மதிப்பெண்ணும் போடுகிறார்கள். நூற்றுக்கு 99 என்றதும் நான் பூரித்துப்போனேன். அவள் சிரித்தாள். 99 என்றால் முப்பது நாளில் ஏழு மணி நேரம் 12 நிமிஷம் கடை பூட்டியிருந்தது என்று அர்த்தமாம். 99.9 வாங்கினால்தான் அது 43 நிமிஷமாகக் குறையும். நான் ஆடியில் பட்ட அவஸ்தையைக் கணக்குப் போட்டால் 92-க்கும் கீழே. பிள்ளை பரீட்சையில் 92 வாங்கினால் தெருவுக்கே மிட்டாய் கொடுப்போம். கடைக்கு அது இரண்டரை நாள் பூட்டு.

இனி அந்த நிலவரப் பலகை. எனக்கு இதுதான் மனசுக்குப் பிடித்தது. மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மின்சாரம் இருக்காது என்று மின்வாரியம் முதல் நாளே அறிவித்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? மாவை முதல் நாள் மாலையே அரைத்து, தொட்டியை நிரப்பி வைக்கிறோம். யாரும் மின்வாரியத்தைத் திட்டுவதில்லை. சொல்லாமல் போனால்தான் வாய்க்கு வந்தபடி பேசுகிறோம். 2025 மார்ச் 26-ஆம் தேதியும் ஏப்ரல் 12-ஆம் தேதியும் நாடு முழுக்க யுபிஐ-யில் பணம் போகாமல் தடுமாறியது நினைவிருக்கும். தேசிய கொடுப்பனவுக் கழகமே கோளாறு என்று அறிவித்தது. அதைப் படித்தவர்கள் ரொக்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். படிக்காதவர்கள் நம் கணக்கில்தான் கோளாறோ என்று திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

ஒன்று கவனம். பலகையை அதே கடைச் சுவரில் மாட்டக் கூடாது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் சேமிப்புக் கிடங்குக் கம்ப்யூட்டர்கள் படுத்தபோது, அவர்களுடைய நிலவரப் பலகையை மாற்றும் வசதியும் அதே கிடங்கை நம்பி இருந்ததால், சிறிது நேரம் பலகையில் உண்மை நிலவரத்தைப் போட முடியவில்லையாம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி. காவல் சேவைக்காரர்களின் இடத்திலேயே பலகை இருந்தால் நம் தளம் விழுந்தாலும் அது நிற்கும். அந்த முகவரியை நான் மாவுப் பொட்டலத்தின் சீட்டிலேயே அச்சடித்துவிட்டேன்.

பலகை ஊருக்கே தெரியும். ஆகையால் வாடிக்கையாளர் பெயரோ, நாம் உள்ளே நுழையும் பக்கத்தின் முகவரியோ அதில் இருக்கவே கூடாது. எழுதுவதும் பேச்சு மாதிரி இருக்கட்டும். நான் எழுதி வைத்திருப்பது இது: "தளம் திறக்கவில்லை. சரிசெய்யச் சொல்லியிருக்கிறோம். பணம் கட்டியவர்களின் ஆர்டர் பத்திரமாக இருக்கிறது. அவசரத்துக்குப் போன் செய்யுங்கள். அடுத்த தகவல் மாலை 6 மணிக்கு." ஆறு மணிக்குச் சரியாகாவிட்டாலும், இன்னும் ஆகவில்லை என்று எழுதிவிட வேண்டும். எனக்கு இதில்தான் சோம்பல் வரும்.

ஐப்பசியில் ஒரு காலை, பொட்டுக்கடலையை வாணலியில் போட்டுக் கிளறிக்கொண்டிருக்கிறேன், கோயில் மணி அடித்தது. தளம் விழுந்திருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு, இடவாடகைக்காரருக்குப் போன் செய்து, பலகையில் நாலு வரி எழுதினேன். முக்கால் மணி நேரம் கழித்து, தளம் எழுந்திருக்கும் முன்பே, கும்மிடிப்பூண்டிப் பெண் கூப்பிட்டாள்.

"பலகையைப் பார்த்தேன் அக்கா. அவசரமில்லை. ரெண்டு கிலோ எழுதி வெச்சுக்கோங்க. பையன் இப்போ நடக்கிறான்."

எழுதி வைத்தேன். பொட்டுக்கடலைதான் ஒரு பக்கம் கருகிப் போயிருந்தது.