தேதி தள்ளிப்போட மாத்திரை... யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் போதும், மெடிக்கல் ஷாப்பில் குரலைத் தாழ்த்திப் பேசும் அம்மாக்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். ‘வீட்ல விசேஷங்க... தேதி தள்ளிப்போற மாத்திரை ஒரு அட்டை குடுங்க.’ கடைக்காரரும் எதுவும் கேட்பதில்லை. ‘காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு’ என்று சொல்லிக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்? மாத்திரையை விழுங்கப்போகிற பெண்ணோ அந்த இடத்திலேயே இருக்க மாட்டாள்!

இதைத் தைலம் வாங்குவது போல வாங்குவதுதான் எனக்குச் சம்மதமில்லை.

அந்த அட்டையில் பெரும்பாலும் இருப்பது நார்எதிஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோன். மாதாமாதம் கருமுட்டை வெளியான பிறகு, புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரந்து கர்ப்பப்பையின் உட்சவ்வைத் தாங்கிப் பிடிக்கும். கரு தங்கவில்லையென்றால் அந்தச் சுரப்பு குறையும், சவ்வு உதிரும், மாதவிலக்கு வரும். மாத்திரை, அந்தத் தாங்கிப் பிடிக்கிற வேலையை வெளியிலிருந்து செய்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

வழக்கமான அளவு, 5 மி.கி. மாத்திரை தினம் 3 வேளை. எதிர்பார்க்கும் தேதிக்கு 3 நாள் முன்பே ஆரம்பிக்க வேண்டும். நம் வீடுகளில் குழப்பமே இங்கேதான். பந்தக்கால் நட்ட பிறகுதான் பலருக்கு ஞாபகமே வரும். அதற்குள் லேசாகப் பட்டிருக்கும். ‘ரெண்டு ரெண்டா போட்டுக்கோடி, நின்னுடும்’ என்று சித்தி ஒருத்தி வைத்தியம் சொல்வாள். தொடங்கிவிட்டதைத் தள்ளிப்போட இந்த மாத்திரை ஏற்பட்டதில்லை. நாமாக டோஸை ஏற்றினால் குமட்டலும் தலைவலியும்தான் ஏறும். மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண்களுக்கு ‘3 நாள் முன்பு’ என்ற கணக்கே நிற்காது. முகூர்த்தத்தன்று விடியற்காலை எழுந்து, அலங்காரம் முடிந்து, பந்தி, போட்டோ என்று அலைகிற பெண் மத்தியான மாத்திரையை மறப்பாள். மறந்தால் நடுவில் உதிரம் எட்டிப் பார்க்கும்.

சின்னத் தொந்தரவுகள் பலருக்கு வருவதுண்டு. மார்பு கனத்து வலிக்கும், வயிறு உப்பும், தலை வலிக்கும், காரணமில்லாமல் எரிச்சலும் அழுகையும் வரும். ‘கல்யாணப் பொண்ணு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா?’ என்று கேட்பவர்களுக்கு இது தெரியுமா!

கவலைப்பட வேண்டியது வேறு. நார்எதிஸ்டிரோனில் ஒரு பகுதி உடம்புக்குள் எத்தினைல் ஈஸ்ட்ராடியோலாக மாறுகிறது. கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். தினம் 15 மி.கி. சாப்பிடும்போது அதை அலட்சியம் பண்ண முடியாது. காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறையவும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கவும் வாய்ப்பு கூடுகிறது. ஆரோக்கியமான இளம்பெண்ணுக்கு, சில நாள் மட்டும் சாப்பிட்டால், இது அபூர்வம்தான். பயமுறுத்துவது என் நோக்கமில்லை. ஆனால் முன்பு ரத்தக்கட்டி வந்தவள், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு வந்திருப்பவள், உடல் எடை மிக அதிகமுள்ளவள், சமீபத்தில் பிரசவமோ ஆபரேஷனோ ஆனவள், கண்ணில் வெளிச்சக் கோடுகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவள், கல்லீரல் கோளாறோ மார்பகப் புற்றுநோயோ உள்ளவள்... இவர்களுக்கெல்லாம் கணக்கே வேறு. மாத்திரையும் போட்டுக்கொண்டு, காசி யாத்திரை என்று இரவும் பகலும் பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பது இன்னும் மோசம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ‘வாயுப் பிடிப்பு’ என்று சுக்குக் கஷாயம் வைக்கிற நேரமில்லை அது.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் அல்லது கார்பமஸெபின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மாத்திரை சரியாகப் பலிக்காமல் போகலாம். இன்னொன்று: தேதி தள்ளிப்போட இதைச் சாப்பிடுவதால் கருத்தடை ஆகிவிட்டதாக அர்த்தமில்லை. புதுப்பெண்கள் பலர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தீட்டுப் பார்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு நம்பிக்கை. நான் அதில் தலையிட வரவில்லை. பாட்டி காலத்தில், ‘அப்படி’ ஆகிவிட்டால் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்தார்கள். நாம் உட்கார வைப்பதில்லை என்று பெருமைப்படுகிறோம், மாத்திரையை விழுங்க வைக்கிறோம். ஆவணியில் நாத்தனார் கல்யாணம், ஐப்பசியில் சீமந்தம், தையில் கிரகப்பிரவேசம் என்று ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டு மருமகளுக்கு ஒரு அட்டை. ‘நீ சாப்பிடறியாம்மா?’ என்று ஒரு தடவையாவது கேட்டோமா?

அவளாக விரும்பிக் கேட்டால் அது வேறு விஷயம். ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவளும், நுழைவுத்தேர்வு எழுதுகிறவளும் கேட்கலாம், தப்பே இல்லை. அவளையே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதே போனால் நேரம் தாராளமாக இருக்கும். பழைய வியாதி, குடும்ப வரலாறு, எடை, ரத்த அழுத்தம், கர்ப்பம் இருக்குமா என்பதெல்லாம் பார்த்து, இது வேண்டுமா, வேறு மாத்திரையா, ஒன்றுமே வேண்டாமா என்று அவர் சொல்லட்டும். எத்தனை நாள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்திய 2, 3 நாளில் விலக்கு வந்துவிடும். ஒரு வாரமாகியும் வராவிட்டால் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். முகூர்த்தத்தோடு நிறுத்தினால் பல வீடுகளில் அது சரியாக மறுவீட்டு விருந்தன்று வந்து நிற்கும்! இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.