எண்ணூறு சி.சி. ஆய்வகம்

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி ஒரு வாடிக்கையாளரின் கையில் கொடுத்தார். அந்தக் காட்சியிலிருந்து ஒரு வரலாறு எழுதப்பட்டது: இந்திய நடுத்தர வர்க்கம் கார் ஏறிய வரலாறு. விலை, முன்பதிவு, காத்திருப்பு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பவையே அதன் கலைச்சொற்கள். காரின் முன்மூடியைத் திறந்து எஞ்சினைக் கூர்ந்து நோக்கியவர்களுக்கு அதில் இடமில்லை. இந்தப் புறக்கணிப்பின் விலையை இன்று பொறியியல் கல்வி கட்டிக்கொண்டிருக்கிறது.

மாருதி 800, ஜென், எஸ்டீம், ஆல்டோ ஆகிய சிறு கார்கள் இந்நாட்டின் தொழில்நுட்பக் கல்விக்குக் கிடைத்த மிக மலிவான ஆய்வகம். அவற்றின் எஞ்சின்களில் பயன்படுத்தப்படாத திறன் நிறைய உண்டு. அதைப் பொதுப்புத்தி நம்ப மறுத்தது. கல்வி நிறுவனங்கள் கண்டுகொள்ளவில்லை. சட்டமோ அதைத் தேடுவோரைக் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்துகிறது.

‘சிறிய எஞ்சினால் அவ்வளவுதான் முடியும்’ என்பது முதல் தப்பெண்ணம். மாருதி 800 காரில் இருந்தது சுசூகியின் எஃப் வகை எஞ்சின்: மூன்று சிலிண்டர்கள், 796 சி.சி. கொள்ளளவு. கார்புரேட்டர் காலத்தில் அது தந்தது 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. அதே எஃப் வகையைச் சேர்ந்த இன்னொரு மூன்று சிலிண்டர் எஞ்சினை, அதுவும் வெறும் 543 சி.சி. அளவில், 1987-இல் ஜப்பானில் ஆல்டோ ஒர்க்ஸ் என்ற காரில் சுசூகி பொருத்தியது. அது தந்தது 64 குதிரைத்திறன். ஜப்பானியச் சிற்றுந்து வகைக்குத் தயாரிப்பாளர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட உச்சவரம்பாக அந்த எண் நிலைத்துவிட்டது. லிட்டர் கணக்கில் பார்த்தால் ஒரே வம்சத்தின் இரண்டு பிள்ளைகளுக்கிடையே இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. டர்போவும் பன்னிரண்டு வால்வு கொண்ட சிலிண்டர் தலையும் இல்லாமல் அந்த எண் வந்திருக்காது என்பது உண்மையே. ஆனால் அந்த மறுப்பே வாதத்தை உறுதிசெய்கிறது. இந்திய எஞ்சினின் நாற்பதுக்குக் குறைந்த குதிரைத்திறன் இயற்கை விதித்த எல்லை அன்று. விலையையும் எரிபொருள் சிக்கனத்தையும் பழுதுபார்ப்பின் எளிமையையும் கணக்கிட்டு எடுக்கப்பட்ட வணிக முடிவு அது.

டர்போவைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் சான்றுகள் உண்டு. 2000-இல் வந்த ஆல்டோவில் அதே 796 சி.சி. அளவு, சிலிண்டருக்கு நான்கு வால்வுகளோடு, 46 குதிரைத்திறனை எட்டியது. எஸ்டீமின் 1298 சி.சி. எஞ்சின் கார்புரேட்டரோடு 65 குதிரைத்திறன் தந்தது. பதினாறு வால்வுகளும் எரிபொருள் உட்செலுத்தலும் வந்தபின் கொள்ளளவில் ஒரு சி.சி.கூடக் கூடாமல் 85 தந்தது. தயாரிப்பாளரே செய்து காட்டிய இந்த மாற்றங்களைச் சமூகம் ‘முன்னேற்றம்’ என்று பாராட்டியது. அதே திசையில் ஒரு பட்டறைக்காரர் ஓர் அடி எடுத்து வைத்தால் அதற்குப் பெயர் ‘ஆல்ட்ரேஷன்’. செய்தவருக்குப் பெயர் ரௌடி.

ஐரோப்பாவின் அனுபவம் வேறு. 848 சி.சி., 34 குதிரைத்திறன் கொண்ட மினி, எரிபொருள் நெருக்கடிக் காலத்துக்காகப் பிறந்த சிக்கன வண்டி. பந்தயக் கார் தயாரிப்பாளரான ஜான் கூப்பர் அதில் வேறொன்றைக் கண்டார். 1961-இல் வெளிவந்த மினி கூப்பர் 997 சி.சி.யில் 55 குதிரைத்திறன் தந்தது; முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பெற்றது. வேகம் கூடியபோதே நிறுத்தும் வலிமையும் கூட்டப்பட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கார் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியை வென்றது. இத்தாலியில் கார்லோ அபார்த், ஃபியட்டின் எளிய 500, 600 கார்களைக் கொண்டு இதே வேலையைச் செய்தார். இருவரின் பெயர்களும் பிற்பாடு கார் மாடல்களின் பெயர்களாகவே ஆயின. வெளியிலிருந்து வந்த கைவினை அறிவைத் தொழில்துறை தன்னுள் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

இந்தியாவிலும் அப்படி ஒரு தொடக்கம் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன் மாருதி 800 காரின் எஞ்சினையும் உதிரிபாகங்களையும் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகுப்பில் ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் ஓடத் தொடங்கியவர் நரேன் கார்த்திகேயன். 2000-இல் அதே வகுப்பில் அறிமுகமானவர் கருண் சந்தோக். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய இந்தியர் இன்றுவரை இவ்விருவர் மட்டுமே. பெருஞ்செலவில் கட்டப்பட்ட கிரேட்டர் நொய்டா தடத்தில் ஃபார்முலா ஒன் 2011 முதல் 2013 வரை மூன்றே முறை ஓடி நின்றுபோயிற்று. இந்நாடு ஃபார்முலா ஒன்னுக்கு அனுப்பிய இருவரையும் முதலில் ஏற்றிச் சென்றது, சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும் காரின் எஞ்சின்!

சிறு கார் ஏன் சிறந்த பாடப்புத்தகம்? எஞ்சின் என்பது அடிப்படையில் ஒரு காற்றுப் பம்பு. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை காற்றை உள்ளிழுக்கிறது. 796 சி.சி. எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுழற்சி சுழலும்போது கோட்பாட்டளவில் 1990 லிட்டர் காற்றை விழுங்க வேண்டும். நடைமுறையில் அதில் முக்கால் பங்குதான் உள்ளே போகிறது என்று கொள்வோம். உள்வழியைச் செதுக்கிச் சீராக்கி, கேம்ஷாஃப்டின் வடிவத்தை மாற்றி, புகைவழியின் நீளத்தைக் கணக்கிட்டு அதை 90 விழுக்காடாக உயர்த்தினால், அதே கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று உள்ளே போகும். அதற்கேற்ற எரிபொருளும் தீப்பொறியின் நேரமும் அமைந்தால் திறனும் ஏறத்தாழ அதே அளவில் கூடும். பாய்மவியலும் வெப்ப இயக்கவியலும் அதிர்வியலும் இந்த ஒரே வேலையில் ஒன்றுகூடுகின்றன. எடையின் பாடமும் இங்கேதான் தெளிவாகும். வெற்று எடை 650 கிலோவுக்கு அருகில் உள்ள காரில் ஆளுக்கு 65 கிலோ வீதம் நால்வர் ஏறினால் சுமை நாற்பது விழுக்காடு கூடிவிடுகிறது. பெரிய கார் தன் உபரித் திறனால் பிழைகளை மறைத்துவிடும். சிறு காரில் தவறான கணக்கு அடுத்த ஏற்றத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

இவ்வளவு நேர்மையான கருவியை இயந்திரவியல் துறைகள் என்ன செய்தன? வெட்டித் திறந்து வண்ணம் பூசிய எஞ்சின் மாதிரி ஒன்றை மூலையில் நிறுத்திவைத்தன. செய்முறைத் தேர்வில் மாணவர் அதன் பாகங்களைச் சுட்டிப் பெயர் சொன்னால் மதிப்பெண். பந்தயக் கார் கட்டும் மாணவர் போட்டிகள் இன்று உண்டு. அவை நன்மையே செய்துள்ளன. ஆனால் அவற்றுக்கு வேண்டிய பணமும் ஆதரவாளரும் எல்லாக் கல்லூரிக்கும் வாய்ப்பதில்லை. காயலான் கடைக்குப் போகும் ஒரு பழைய ஜென் அந்தச் செலவில் சிறு பங்குக்குக் கிடைக்கும். அதை வாங்கி, பிரித்து, அளந்து, மாற்றி, மீண்டும் அளக்கும் ஓராண்டுப் பாடத்திட்டத்துக்கு வெளிநாட்டு மென்பொருள் உரிமம் எதுவும் வேண்டியதில்லை.

‘சட்டம் அனுமதிக்காதே’ என்பது வழக்கமான பதில். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது. இச்சட்டம் சாலையில் ஓடும் வாகனத்தைப் பற்றியது. பதிவு ரத்துச் செய்யப்பட்டுக் கல்லூரி வளாகத்துக்குள் நிற்கும் கார் சாலைக்கு வரப்போவதில்லை. ஆகவே கல்வி நிறுவனங்களின் தயக்கத்துக்குச் சட்டம் ஒரு சாக்கு மட்டுமே.

சாலை வாகனங்களைப் பொறுத்தவரையிலும் சட்டம் விமர்சனத்துக்குத் தப்பாது. எரிவாயுக் கருவி பொருத்த அது வழி வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக வாகனத்தை மாற்றவும் வழி வைத்திருக்கிறது. தகுந்த ஆய்வோடு மாற்றத்தை அனுமதிக்கலாம் என்பதை அதுவே ஒப்புக்கொள்கிறது. அப்படியிருக்க, காதைப் பிளக்கும் சைலன்சரையும் தரமான பிரேக்கையும் ஒரே தட்டில் வைக்கும் நிலை ஏன்? ஜெர்மனியில் மாற்றப்பட்ட பாகங்களை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளர் சோதித்துச் சான்றளித்தால் அவை வாகன ஆவணத்தில் ஏறுகின்றன. தரத்தை அளக்கும் பொறுப்பை அரசு அங்கே ஏற்றுக்கொள்கிறது. இங்கே அளப்பதற்குப் பதிலாகத் தடைசெய்வது எளிதாக இருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் பாதுகாப்பு. 2014-இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் ஆல்டோ 800 உள்ளிட்ட சிறு கார்கள் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. இத்தகைய உடற்கூட்டில் வேகத்தைக் கூட்டுவது ஆபத்து என்ற கவலையை எவரும் அலட்சியம் செய்யக் கூடாது. நெடுஞ்சாலையில் உயிரோடு விளையாடும் இளைஞர்களுக்கு இங்கே வக்காலத்து இல்லை; வினையூக்கி மாற்றியைப் பிடுங்கி எறிந்து ஊரார் நுரையீரலில் புகை விடுவோருக்கும் இல்லை. ஆனால் இந்த ஆபத்துகள் பெருகுவதே ஒழுங்கான வழி அடைபட்டிருப்பதால்தான். முறையான பயிற்சியில் முதல் பாடம் பிரேக், இரண்டாவது டயரும் சஸ்பென்ஷனும், எஞ்சின் அதற்குப் பிறகுதான். முட்டுச் சந்துப் பட்டறையில் இரவோடிரவாகச் செய்யப்படும் வேலையில் இந்த வரிசையை வற்புறுத்த யாரும் இல்லை.

இதன் அடியில் இருப்பது ஒரு மேட்டிமை மனோபாவம். கோடி ரூபாய்க் காரின் ஆலைத் திறன்கூட்டலுக்கு ‘பொறியியல்’ என்று பெயர். லேத்தின் முன்னால் முப்பது ஆண்டு நின்று, சிலிண்டர் தலையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் சீவினால் அமுக்க விகிதம் எவ்வளவு உயரும் என்று விரல்நுனியில் வைத்திருப்பவரின் அறிவுக்குப் பெயரே இல்லை. அவரிடம் கற்க மாணவர் போவதில்லை. பாடம் எடுக்கப் பல்கலைக்கழகம் அவரை அழைப்பதுமில்லை.

காலம் குறைவாக இருக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாய்க்கு உயர்ந்தது. 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஜென்னும் எஸ்டீமும் அதற்கு முன்பே போயின. எஞ்சியவை ஒவ்வொன்றாக உருக்காலைக்குப் போகின்றன. ஒவ்வோர் இயந்திரவியல் துறையும் இவற்றில் இரண்டையாவது உருக்குமுன் வாங்கிக்கொள்ளட்டும். ஒன்றைத் தயாரித்தபடியே வைத்து அளக்கட்டும்; மற்றொன்றை மாணவர் கையில் கொடுக்கட்டும். பக்கத்துத் தெருப் பட்டறைக்காரருக்கு வருகைப் பேராசிரியருக்குரிய ஊதியம் வழங்கட்டும். ஆண்டிறுதியில் இரண்டு கார்களின் எண்களையும் சுவரில் ஒட்டட்டும். அந்த வேறுபாடு எவ்வளவோ, அவ்வளவு அறிவை இத்தனை ஆண்டுகளாக இந்நாடு பழைய இரும்பின் விலைக்கு எடைபோட்டு விற்றிருக்கிறது.