மரக் கோப்பைக்கு யார் சொந்தக்காரர்?



1977 கலவரத்தில் இரத்தினபுரித் தோட்டமொன்றை விட்டு வவுனியாவுக்குப் போன குடும்பத்தைச் சேர்ந்த வாசகி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "கொத்தல ஹிம்புட்டு மரக் கோப்பையில் இரவு முழுக்க வைத்த தண்ணீரை எங்கள் அப்பாயி சீனி வருத்தத்துக்குக் குடிப்பார். அதை ஜப்பான்காரர் பேட்டன்ட் எடுத்துவிட்டார்களாமே! இனி நாங்கள் குடிக்கலாமா? குடித்தால் குளிசையை நிறுத்தலாமா?"

குடிப்பதை யாரும் தடுக்க முடியாது, சகோதரி. பேட்டன்ட், அதாவது ஆக்கவுரிமை, அதை வழங்கிய நாட்டுக்குள் மட்டுமே செல்லும்.

நாம் தின்னும் சோற்றையும் ரொட்டியையும் குடலிலுள்ள நொதியங்கள்தான் சீனியாக உடைக்கின்றன. அவற்றில் அல்பா குளுக்கோசிடேஸ் என்ற நொதியத்தை இந்தக் கொடி மட்டுப்படுத்துகிறது. அதனால் சீனி மெதுவாகவே இரத்தத்தில் சேரும். இதற்குக் காரணமான சலசினோல் என்ற பொருளை 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இக்கொடி சார்ந்த ஆக்கவுரிமைகள் வழங்கப்பட்டது உண்மைதான்.

நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இயற்கையில் ஏற்கெனவே உள்ள ஒன்றைக் கண்டறிந்ததற்காக மட்டும் உரிமை கிடைக்காது. உடம்பிலுள்ள நொதியமானாலும் காட்டுக்கொடியானாலும் அப்படித்தான். புதிதாக ஆக்கிய பொருளுக்கோ முறைக்கோதான் 20 ஆண்டு உரிமை.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கே 1995இல் அமெரிக்கா ஆக்கவுரிமை கொடுத்தது! இந்தியாவின் விஞ்ஞான ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைக் காட்டி வாதாடிய பிறகு, 1997இல் அது இரத்தானது. ஏட்டில் இருந்ததால் மஞ்சள் தப்பியது. லயத்துப் பாட்டிமார் வாயால் சொன்ன வைத்தியம் எந்த ஏட்டில் இருக்கிறது? இடம்பெயர்ந்தபோது அதுவும் அல்லவா சிதறிப் போயிற்று! உங்கள் அப்பாயி சொன்னதையெல்லாம் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கள்.

குளிசையை மட்டும் நிறுத்த வேண்டாம். இலங்கையில் 51 நோயாளருக்கு இதைத் தேயிலையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளியானது. நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அவர்கள் வைத்தியரின் கண்காணிப்பில் இருந்தவர்கள். குளிசையோடு இதுவும் சேர்ந்தால் சீனி அளவுக்கு மிஞ்சிக் குறைந்து மயக்கம் வரலாம். கிளினிக் போகும்போது டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள் இதைத் தொடவே வேண்டாம். இதன் வேர்ச்சாற்றைக் கொடுத்த எலிகளில் கரு அழிந்ததை நம் நாட்டு ஆய்வாளர்களே 2003இல் கண்டார்கள். வீட்டில் மகளோ மருமகளோ பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால், அந்தக் கோப்பையை எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள்.