"கவனம் போதாது": தேர்ச்சி அறிக்கையின் ஒற்றை வரியை வீடு எப்படி வாசிக்கிறது?

ஒவ்வொரு தவணை முடிவிலும் தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வருகிறது. பாடவாரியான புள்ளிகள், மொத்தம், சராசரி, வகுப்பில் எத்தனையாம் இடம். அவற்றின் கீழே வகுப்பாசிரியரின் குறிப்புக்கென ஓர் ஒடுங்கிய இடம். பெரும்பாலும் அதில் இரண்டு, மூன்று சொற்கள்தான் இருக்கும்: "மேலும் முயற்சி தேவை", "கவனம் போதாது", "திருப்திகரம்". எழுதிய ஆசிரியருக்கு அது அன்று முடித்த பல அறிக்கைகளில் ஒன்று. போரால் எல்லாவற்றையும் இழந்து, படிப்பு ஒன்றே மிச்சம் என்று நம்பும் வீட்டுக்கோ அது பிள்ளையின் எதிர்காலம் பற்றிய தீர்ப்பு.

இன்று வடக்கு, கிழக்கின் பாடசாலைகளில் இருப்போரில் பெரும்பாலானோர் 2009 மே மாதத்துக்குப் பின் பிறந்தவர்கள். போருக்குள் படித்தவர்கள் அவர்களின் பெற்றோர். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வு, வன்னிக்குள் அடுத்தடுத்து நிகழ்ந்த இடப்பெயர்வுகள், இறுதியில் செட்டிகுளம் முகாம்கள் என்று துண்டு துண்டாகக் கல்வி கற்ற தலைமுறை அது. இலங்கையின் போர்ப் பிரதேசத்தில் 420 மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், 92 வீதமானோர் கடுமையான போர் அனுபவங்களுக்கு உள்ளாகியிருந்தனர். கால்வாசிப் பேரிடம் மனவடுவுக்குப் பிந்தைய நெருக்கீட்டு நோய் காணப்பட்டது. அந்த வயதுப் பிள்ளைகள்தான் இன்று தம் பிள்ளைகளின் அறிக்கையில் கையொப்பமிடுகிறார்கள்.

அந்தக் கண்களால் "கவனம் போதாது" என்பதை வாசித்துப் பாருங்கள். அந்த வரியில் யாருடைய கவனம் என்று இல்லை. பிள்ளை வகுப்பில் கவனிக்கவில்லையா, வீட்டில் நாம் கவனிக்கவில்லையா? கணவரை இழந்தோ, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டோ தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண், அதைத் தன்மீதான குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வது இயல்பு. தாய் மத்திய கிழக்கில் வேலை செய்யும் வீட்டில் அதை வாசிப்பது அம்மம்மா. அந்தக் கோபமும் குற்ற உணர்வும் கடைசியில் பூவரசந் தடியாகப் பிள்ளையின் காலில் இறங்குகின்றன.

"மேலும் முயற்சி தேவை" என்பதற்கு வீட்டில் வேறொரு பொருள்: ரியூசனுக்கு அனுப்பு. கணிதத்தில் 38 புள்ளி எடுத்த பிள்ளைக்கு வாய்பாடு தெரியாதா, பின்னம் விளங்கவில்லையா, கேள்வியை வாசித்து விளங்கத் தமிழ் போதவில்லையா என்று அந்த வரி சொல்வதில்லை. ஆகவே சங்கிலி அடகுக்குப் போகிறது. நுண்கடனில் ஏற்கெனவே திணறும் குடும்பம் இன்னொரு மாதாந்தச் செலவை ஏற்கிறது. பிள்ளை மாலையிலும் அதே விளங்காத பாடத்தின் முன் உட்காருகிறது.

பாராட்டும் சில வேளை பிரச்சினையை மூடிவிடுகிறது. "அமைதியான பிள்ளை" என்பது நமது அறிக்கைகளில் நற்சான்று. ஏன் இந்தப் பிள்ளை பேசுவதே இல்லை என்று பிறகு எவரும் கேட்பதில்லை.

ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. பின்தங்கிய பிரதேசங்களில் ஆளணிப் பற்றாக்குறை, தூரப் பயணம், இடமாற்றம், நிரப்பி முடியாத படிவங்கள் எல்லாம் அவர்கள் தலையில்தான். ஆனால் நீளமாக எழுதுவதைவிட எதை எழுதுவது என்பதே இங்கு முக்கியம். இஸ்ரேலிய மாணவர்களிடையே உளவியலாளர் ரூத் பட்லர் நடத்தி 1988 இல் வெளியிட்ட ஆய்வில், தம் வேலை குறித்த குறிப்புரையை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினர். புள்ளியையும் குறிப்புரையையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. நமது அறிக்கையோ புள்ளிகளும் இடமும் நிறைந்தது. அவற்றை ஒரேயடியாக நீக்க முடியாது. குறிப்பையாவது பயன்படுவதாக மாற்றலாம்.

உதாரணமாக, "கூட்டல், கழித்தல் சரியாகச் செய்கிறார். பின்னங்களைக் கூட்டும்போது பகுதி எண்களையும் கூட்டிவிடுகிறார். கொப்பியில் குறித்த ஐந்து கணக்குகளைச் செய்து திங்கட்கிழமை என்னிடம் காட்டட்டும்." எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட தாயும் இதை வைத்துப் பிள்ளையை உட்கார வைக்கலாம். அடியும் வேண்டாம், அடகும் வேண்டாம். எல்லோருக்கும் எழுத நேரமில்லை என்றால், பின்தங்கும் பிள்ளைகளுக்காவது ஓர் அரைத் தாளில் எழுதி இணைக்கலாம்.

பெற்றோர் பக்கத்திலும் ஒரு தயக்கம் உடைய வேண்டும். தாம் அதிகம் படிக்கவில்லை என்ற கூச்சத்தாலும், ஒருநாள் கூலி போய்விடும் என்பதாலும் பலர் பெற்றோர் கூட்டத்துக்குப் போவதில்லை. போகிறவர்களும் "நீங்கள் அடிச்சுப் படிப்பியுங்கோ" என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ரீச்சர், பிள்ளைக்கு எந்த இடத்தில விளங்கேல்லை?"

தேர்ச்சி அறிக்கையில் பெற்றோருக்கு இருப்பது கையொப்பத்துக்கான ஒரு கோடு மட்டுமே. அதன்கீழ் கேள்வி எழுத இன்னும் இரண்டு கோடுகள் போடுவதற்கு வலயக் கல்வி அலுவலகங்களுக்குப் பெரிய நிதி தேவைப்படாது. அடுத்த தவணை அறிக்கை அச்சுக்குப் போகுமுன் அதைச் செய்யலாம்.